எழுத்துக் குழு தேடுகிறவர்களுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவை

நான்கு ஆண்டுகள் ஒரு நாவலைத் தனியாகவே எழுதினேன். தினமும் விடிகாலையில் ஒன்றரை மணி நேரம். முடித்தபோது ஏறக்குறைய 90,000 சொற்கள் வந்திருந்தன. வீட்டில் இரண்டு பேர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அனுப்பிய இடங்களிலிருந்து பதில் வரவில்லை. காத்திருந்ததில் இன்னொரு ஆண்டு போனது. கடைசியில் சேமிப்பை எடுத்துக் கொடுத்து அச்சடித்தேன். புத்தகம் கைக்கு வந்த பிறகுதான், முன்பின் தெரியாத ஒரு வாசகர் கேட்டார்: "பதினோராம் அத்தியாயத்தில் மாமா கையில் இருக்கும் பையைப் பார்த்ததும் அவள் ஏன் அப்படி உடைந்து போகிறாள்?" பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன். காரணம் புத்தகத்தில் எங்குமே இல்லை. அன்று வந்த துக்கம் பணம் போனதற்காக வந்ததல்ல. ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒருவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி அது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் நானே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும். இனி, தனியாக எழுதிக்கொண்டு துணை தேடுகிறவர்களுக்கு உதவக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காரணம் முதல் வரைவில் இருந்தது. அம்மா வீட்டை விட்டுப் போன நாளில் எடுத்துச் சென்ற பை அது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி. மூன்றாம் வரைவில், ஓட்டம் தடைபடுகிறது என்று அந்தப் பத்தி வெட்டப்பட்டது. தாளிலிருந்து போனது எழுதியவரின் தலையிலிருந்து போகவில்லை. அதற்குப் பிறகு எத்தனை முறை திருத்தினாலும், அந்த வரிக்கு வரும்போதெல்லாம் வெட்டிய பத்தி மனதில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இது கவனக்குறைவு அல்ல; எழுதுகிற எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும். தன் எழுத்தை முதல்முறையாகப் படிக்கும் வாய்ப்பு எழுதியவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. மூன்று மாதம் பெட்டியில் பூட்டி வைத்தால் கொஞ்சம் மறக்கும், முழுதாக மறக்காது. எழுத்துக் குழுவின் முதல் பயன் இதுதான்: தாளில் இருப்பதை மட்டுமே அறிந்த நான்கைந்து தலைகள். பாராட்டு, உற்சாகம், நட்பு எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. இந்த வரிசையை மாற்றிக்கொண்டு குழு தேடினால், தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

வீட்டாரும் நண்பர்களும் ஏன் போதாது என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அன்பு இருக்கிறது, நேரமும் இருக்கலாம். ஆனால் அவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை, நம்மைப் படிக்கிறார்கள். இந்தப் பாத்திரம் அத்தையா, இந்தச் சண்டை அன்று நடந்ததா என்றே மனம் போகும். தாளில் விடுபட்டதை அவர்களுக்குத் தெரிந்த நம் வாழ்க்கையிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார்கள். அதனால் ஓட்டை அவர்கள் கண்ணில் படாது. அவர்களிடம் கேட்க வேண்டியது கருத்து அல்ல, அவகாசம். "காலை ஒன்றரை மணி நேரம் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அதை அவர்கள் மனமாரக் கொடுப்பார்கள்.

குழு என்ற பெயரில் நம் முன் முதலில் வருவது, பெரும்பாலும், கைபேசியில் இருநூறு பேர் இருக்கும் ஒரு குழுமம். கதையைப் போட்டால் பத்து நிமிடத்தில் கைதட்டும் படங்கள் வரிசையாக வரும். 2,000 சொல் கதையைப் பத்து நிமிடத்தில் படித்து யோசித்துக் கருத்துச் சொல்ல முடியாது என்பதைக் கணக்குப் போட்டாலே தெரியும். நாமும் பதிலுக்கு அவர்கள் கவிதைக்குக் கைதட்ட வேண்டும். ஆறு மாதம் இப்படிப் போகும். எழுத்தில் ஒரு வரி கூட மாறியிருக்காது. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தனிமையில் இருக்கிற மனிதர்கள் ஒருவருக்கொருவர் கைகாட்டிக்கொள்கிற இடம் அது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து இரண்டு நல்ல வாசகர்களைக் கண்டுபிடிக்கவும் செய்யலாம். யார் நம் கதையிலிருந்து குறிப்பான ஒரு வரியை எடுத்துச் சொல்லிப் பேசுகிறார்களோ, அவர்களைத் தனியாக அணுகுங்கள்.

இதற்கு நேர் எதிரான குழுவும் உண்டு. அங்கே கதையைப் பிய்த்துப் போடுவதுதான் தரம் என்று நினைப்பார்கள். "இதெல்லாம் கதையே இல்லை" என்பது அங்கே ஒரு விமர்சனமாக ஏற்றுக்கொள்ளப்படும். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மறுநாள் காலை எந்த வரியைத் திருத்துவது? ஒரு கருத்தைக் கேட்டபின் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லையென்றால் அந்தக் கருத்து வேலைக்கு ஆகாது. கடுமையாகச் சொன்னாலும் இனிமையாகச் சொன்னாலும் அளவுகோல் இதுவே. இப்படிப்பட்ட இடத்தில் அடிபட்டு, ஓராண்டு, இரண்டாண்டு பேனாவைத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இழந்தவற்றில் திரும்பக் கிடைக்காதது அதுதான். ஒரு குழுவைச் சோதிக்க எளிய வழி, உங்கள் எழுத்தைக் கொடுக்காமல் ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்வது. அதில் மூன்றைக் கவனியுங்கள். பேசுகிறவர்கள் பக்கம், வரி சொல்லிப் பேசுகிறார்களா? ஒருவரே பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறாரா? எழுதியவர் கிளம்பும்போது முகம் எப்படி இருக்கிறது? சோர்ந்திருந்தாலும் கையில் நிறையக் குறிப்பு இருந்தால் நல்ல குழு.

பணம் கேட்கும் இடங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தனிமையில் இருப்பவர்தான் இதில் எளிதில் விழுவார். கூட்டுத் தொகுப்பு நூல் ஒன்றில் உங்கள் கதையைச் சேர்க்கிறோம், பங்குத்தொகை கட்டுங்கள், சான்றிதழ் தருகிறோம் என்று அழைப்பு வரும். கணக்கைப் பாருங்கள்: ஐம்பது பேர் பங்குத்தொகை கட்டினால் அச்சுச் செலவு முழுவதும் எழுதியவர்களிடமிருந்தே வந்துவிடுகிறது. விற்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அதனால் தேர்வும் இல்லை, திருத்தமும் இல்லை. எழுத்தாளர் தன் காசில் புத்தகம் போடுவது தவறல்ல. அதைத் தெரிந்தே செய்ய வேண்டும்: எத்தனை பிரதி, யார் விநியோகம் செய்வார்கள், விற்காதவை யாருக்குச் சொந்தம், மெய்ப்பு யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும். ஒரு எழுத்துக் குழுவுக்குத் தேவைப்படும் பணம், கூடும் இடத்துக்கு வாடகை இருந்தால் அதைப் பகிர்வது மட்டும்தான். அதற்கு மேல் கேட்டால் அது குழு அல்ல, சேவை. சேவைக்கு ஒப்பந்தம் கேளுங்கள்.

நல்ல குழுவின் அளவு ஐந்திலிருந்து ஏழு பேர். மூன்று பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் நடக்காது. பத்துப் பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிவது தீர்ப்பு மட்டுமே, கருத்து அல்ல. ஆறு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு கூட்டத்துக்கு இரண்டு படைப்பு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஆறு வாரத்துக்கு ஒரு முறை முறை வரும். திருத்தி எழுத ஆறு வாரம் சரியான இடைவெளி. வாரம் ஒரு முறை கூடும் குழுக்கள் மூன்று மாதத்தில் களைத்துப் போகின்றன. மாதம் ஒரு முறை என்றால், ஒருமுறை தவறினால் இரண்டு மாத இடைவெளி விழுந்து பிடிப்பே போய்விடும். எல்லோரும் ஒரே வகை எழுத வேண்டியதில்லை. ஆனால் கவிதையும் நாவலும் கலந்த குழுவில், கவிதை எழுதுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது, குறைந்தது இருவராவது வேண்டும். இல்லையென்றால் அவர் முறை வரும்போது மற்றவர்கள் "எனக்குக் கவிதை தெரியாது" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதைக் கேட்கும் வேதனை சின்னதல்ல.

கூட்டத்தை நடத்தும் முறைக்கு வருகிறேன்; குழு நிலைப்பதும் உடைவதும் இதில்தான். பரவலாக இருக்கும் முறை 1956-ல் அமெரிக்காவின் மில்ஃபோர்டு என்ற ஊரில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடிய பட்டறையிலிருந்து வந்தது. 1968-ல் தொடங்கிய கிளாரியன் என்ற எழுத்துப் பயிற்சிப் பட்டறை வழியாக இன்னும் பரவியது. எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக, குறுக்கிடாமல் பேச வேண்டும். எழுதியவர் கடைசி வரை வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகே அவருக்குப் பேச்சு. ஆறு பேர் குழுவில் ஐந்து பேர் தலா ஐந்து நிமிடம் பேசினால் இருபத்தைந்து நிமிடம். எழுதியவருக்குப் பத்து நிமிடம், பொதுவான பேச்சுக்குப் பத்து நிமிடம். ஒரு படைப்புக்கு முக்கால் மணி. இரண்டு படைப்பும் நடுவில் ஓர் இடைவேளையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரத்தை ஒருவர் கையில் கொடுங்கள், அந்தப் பொறுப்பு ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாற வேண்டும். ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிப்பது அநாகரிகம் அல்ல. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு அந்த மணிதான்.

எழுதியவர் ஏன் பேசக் கூடாது? பலருக்கு இது கொடுமையாகத் தோன்றும், எனக்கும் முதலில் நெஞ்சு படபடத்தது. பேச ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். "அந்தப் பை அவள் அம்மாவுடையது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறையில் இருக்கும் ஐந்து பேரின் வாசிப்பும் அந்த நொடியே மாறிவிடும். அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது தாளில் இருக்கும் கதையைப் பற்றி அல்ல, நாம் வாயால் சொன்ன கதையைப் பற்றி. புத்தகத்தோடு கூடவே போய் ஒவ்வொரு வாசகருக்கும் விளக்கம் சொல்ல முடியாது. மௌனம் எழுதியவரை அடக்குவதற்காக வைத்ததல்ல, வாசகரைக் கலைக்காமல் இருப்பதற்காக வைத்தது. அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள்: யார் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் கைக்கு வாதாட வராது.

ஆனாலும் மௌன முறை எல்லோருக்கும் பொருந்தாது. புதிதாக எழுத வந்தவர், அல்லது தன் வாழ்வின் வலியை எழுதியவர், இருபத்தைந்து நிமிடம் வாய்மூடிக் கேட்டால் நொறுங்கிப் போகலாம். அவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது. நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கியது. நடனத்துக்காகப் பிறந்தாலும் எழுத்துக்கும் அப்படியே பொருந்தும். அதில் நான்கு படிகள். முதலில், படைப்பில் எது மனதில் நின்றது, எது உயிரோடு இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது, எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்கிறார். மூன்றாவது, மற்றவர்கள் அவரிடம் சார்பில்லாத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாக, அனுமதி கேட்டுவிட்டுக் கருத்து: "முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?" வேண்டாம் என்று சொல்ல எழுதியவருக்கு உரிமை உண்டு. மூன்றாம் படிதான் கடினம். "ஏன் முடிவை இவ்வளவு அவசரமாக முடித்தீர்கள்?" என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் அது குற்றச்சாட்டு. "முடிவை வாசகர் எவ்வளவு நேரம் உணர வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பதே சார்பில்லாத கேள்வி. இதற்குப் பழக மூன்று நான்கு கூட்டங்கள் ஆகும். பழகியபின் பேச்சில் ஒரு மென்மை தானாக வந்துவிடும்.

படைப்பை எப்படிக் கொடுப்பது என்பதும் சின்ன விஷயம் அல்ல. கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக அனுப்புங்கள். 2,500 சொல்லுக்கு மேல் வேண்டாம். இரண்டு முறை படித்துக் குறிப்பெழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் கேட்கக் கூடாது. யுனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் எதிரில் இருப்பவர் கணினியில் குறியீட்டுக் குவியலாகத் தெரியும். கூட்டத்தன்று காலையில்தான் அது தெரியவரும். ஒன்றரை வரி இடைவெளி, அகலமான ஓரம், பக்க எண், முடிந்தால் வரி எண். சொல்செயலியில் பக்க அமைப்புப் பகுதியிலேயே வரி எண் போடும் வசதி இருக்கிறது. "நான்காம் பக்கம், பன்னிரண்டாம் வரி" என்று எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பதால் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் மிச்சமாகும். கோப்பின் பெயரில் தலைப்பும் தேதியும் இருக்கட்டும். மேலே இரண்டு வரிக் குறிப்பு: இது எத்தனையாவது வரைவு, எனக்கு எது தெரிய வேண்டும். முதல் வரைவு என்று சொன்னால் யாரும் சந்திப்பிழை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "அவள் முடிவெடுக்கும் இடம் நம்பும்படி இருக்கிறதா? எங்கே சலித்தது?" என்று கேளுங்கள். கூடவே மன்னிப்புக் கேட்காதீர்கள். "அவசரத்தில் எழுதியது, சரியில்லை" என்று எழுதினால், படிக்கிறவர் சரியில்லாததைத் தேடியே படிப்பார்.

எல்லோரும் ஒரே ஆவணத்தில் ஓரக் குறிப்பு எழுதும் வசதி இன்று இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் படித்தவர் ஓரிடத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டால், பின்னால் வருபவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஐந்து வாசிப்பு கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வாசிப்புதான் கிடைக்கும். ஆளுக்கொரு படி, கூட்டத்துக்குப் பிறகே பரிமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர் எழுத்தைப் படிக்கும்போது முதல் வாசிப்பில் பென்சிலால் மூன்றே குறிகள் போதும்: மனம் ஒன்றிய இடத்தில் ஒரு கோடு, கவனம் நழுவிய இடத்தில் ஓர் அலை, புரியாத இடத்தில் கேள்விக்குறி. திருத்தக் கூடாது. இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு குறிக்கும் காரணம் தேடுங்கள். நழுவிய இடத்துக்கான காரணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது, அதற்கு ஒரு பக்கம் முன்னால் இருக்கும். பேசும்போது "நான்" என்று தொடங்குங்கள்: "இரண்டாம் பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்று நான் குழம்பினேன்." இதை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது நடந்த செய்தி. "உரையாடல் மோசம்" என்பது தீர்ப்பு, மறுக்கத்தான் தோன்றும். நன்றாக வந்த இடத்தையும் அதே துல்லியத்தோடு சொல்லுங்கள். எழுதியவருக்குத் தன் பலம் எது என்று தெரிவதே இல்லை. திருத்தும்போது முதலில் அதைத்தான் வெட்டிவிடுவார். இன்னொரு பெரிய தவறு, மற்றவர் வாக்கியத்தை நம் நடையில் மாற்றி எழுதிக் கொடுப்பது. உதவி மாதிரித் தெரியும். ஓராண்டு தொடர்ந்தால் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

கருத்து வந்தபின் என்ன செய்வது? அந்தப் பை வரும் பகுதியைப் பின்னாளில் ஐந்து பேர் படித்தார்கள். வரிகள் இவை: "கதவைத் திறந்தாள். மாமா நின்றிருந்தார். அவர் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது." ஒருவர் "ஏதோ அறுந்தது" தேய்ந்த சொல், வெட்டுங்கள் என்றார். இன்னொருவர் அத்தியாயத்தையே இங்கிருந்து தொடங்கலாம் என்றார். மூன்றாமவருக்கு மாமா ஏதாவது பேச வேண்டும். நான்காமவருக்குப் பையின் நிறமும் பழசும் தெரிய வேண்டும். ஐந்தாமவர் ஒன்றும் சொல்லவில்லை, கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். நான்கு வைத்தியம், நான்கும் வேறு வேறு; ஆனால் ஐந்து பென்சிலும் நின்றது ஒரே வரியில். அந்த நான்கு யோசனைகளில் எதைச் செய்திருந்தாலும் வரி சரியாகியிருக்காது, ஏனென்றால் குறை ஆறு அத்தியாயத்துக்கு முன்னால் இருந்தது. வலி எங்கே என்று சொல்வதில் வாசகர் தவறுவது அபூர்வம். மருந்து எது என்பதை எழுதியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் கதை எங்கே போக வேண்டும் என்று அவருக்கு மட்டுமே தெரியும். அதனால் கூட்டம் முடிந்ததும் ஒரு சுத்தமான படியில் எல்லோருடைய குறிகளையும் ஒன்றாக ஏற்றுங்கள். மூன்று பேருக்கு மேல் நின்ற இடத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஒருவர் மட்டும் நின்ற இடத்தை, படித்தவுடன் "ஆமாம்" என்று மனம் சொன்னால் மட்டும் தொடுங்கள். இரண்டு நாள் கழித்து ஆரம்பியுங்கள். அன்று இரவே உட்கார்ந்தால் கோபத்திலோ பணிவிலோ திருத்துவோம், இரண்டும் கெடுக்கும்.

நாவல் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆறு வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்றால் முப்பது அத்தியாயத்துக்கு மூன்றரை ஆண்டுகள் ஆகும். அதற்குள் முதல் அத்தியாயம் யாருக்கும் நினைவிருக்காது. அதைவிட ஆபத்து, முதல் மூன்று அத்தியாயங்களைக் கருத்துக் கேட்டுக் கேட்டுத் திருத்தியபடி நாவலை முடிக்காமலே விட்டுவிடுவது. முழு வரைவையும் முதலில் முடியுங்கள். அதுவரை குழுவிடம் ஊக்கம் மட்டும் கேளுங்கள், அல்லது சிறுகதைகளைக் கொடுங்கள். முடிந்தபின் இரண்டு பேரிடம் முழுதாகக் கொடுத்து ஆறு வாரம் அவகாசம் தந்து, ஒரு முழுக் கூட்டத்தை அதற்கு ஒதுக்குங்கள். பதிலுக்கு அவர்கள் நாவலை முழுதாகப் படிக்கும் கடமை உங்களுக்கு உண்டு.

ஆதரவு என்பது கருத்திலிருந்து வேறுபட்டது, அதற்குத் தனி இடம் வேண்டும். கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஓரிரு வாக்கியம் சொல்லட்டும்: எழுதினேன், எழுதவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. எழுதாதவர் வெறுங்கையோடு வருவதற்கு வெட்கப்படாத குழுதான் நீடிக்கும்; வெட்கப்பட்டு ஒரு கூட்டத்துக்கு வராதவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவதில்லை. நிராகரிப்புகளை எல்லோரும் பார்க்கும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்: எது, எங்கே, எப்போது அனுப்பியது, என்ன பதில். தனியாக இருக்கும்போது நிராகரிப்பு நம் மேல் வந்த தீர்ப்பு மாதிரி இருக்கும். ஆறு பேருடையதும் ஒரே தாளில் இருக்கும்போது அது அஞ்சல் போக்குவரத்து மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, சேர்ந்து மௌனமாக எழுதும் நேரம். நேரிலோ காணொளியிலோ கூடி, இன்று எதை எழுதப்போகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, இருபத்தைந்து நிமிடம் எழுதி, ஐந்து நிமிடம் ஓய்ந்து, மறுபடி இருபத்தைந்து நிமிடம். யாரும் யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். இந்த ஒரு மணி நேரம் பல மாதத் தேக்கத்தை உடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில நாவலாசிரியர்களான பிரான்டி சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் மூவரும் இங்கிலாந்தின் ஹாவொர்த் என்ற ஊரில் தங்கள் வீட்டு அறையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கைவேலையை எடுத்து வைத்துவிட்டு, நடந்தபடியே ஒருவருக்கொருவர் தங்கள் கதைகளைச் சொல்லிப் பேசுவார்கள். 1848 டிசம்பரில் எமிலியும் 1849 மேயில் ஆனும் இறந்த பிறகு, சார்லட் அதே அறையில் இரவில் தனியாக நடந்துகொண்டிருந்தார். குழு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலடிச் சத்தம்தான்.

குழுக்கள் உடைவது பெரும்பாலும் சண்டையால் அல்ல, சமன் குலைவதால். ஒருவர் தன் முறைக்கு மட்டும் வருவார், மற்றவர் கதையைப் படிக்காமல் வந்து "வேலை அதிகம்" என்பார். இரண்டாம் முறை இது நடக்கும்போதே, கூட்டத்தில் அல்ல, தனியாக ஒருவர் பேசிவிட வேண்டும்: "இந்த மாதம் முடியாது என்றால் சொல்லுங்கள், உங்கள் முறையைத் தள்ளி வைக்கிறோம்." படிக்காதவர் கருத்துச் சொல்லக் கூடாது, அடுத்த முறை படைப்பும் தரக் கூடாது என்ற ஒரே விதி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். இரண்டு கூட்டம் சொல்லாமல் வரவில்லையென்றால் இடம் காலி என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். நட்பு இருக்கும்போது விதி எதற்கு என்று தோன்றும்; நட்பு இருக்கும்போதுதான் விதியைச் சிரித்த முகத்தோடு எழுத முடியும்.

அந்த அரைப் பக்கத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, குழுவில் வந்த எழுத்து குழுவுக்கு வெளியே போகக் கூடாது. பொதுவெளியில் பகிரவே கூடாது. "வேறெங்கும் பிரசுரமாகாதது" என்று கேட்கும் இதழ்களில் பல, சமூக ஊடகத்தில் முழுதாக வந்ததையும் பிரசுரமானதாகவே எடுத்துக்கொள்கின்றன. நண்பர் அன்போடு செய்த ஒரு பகிர்வு கதையின் வாய்ப்பை அடைத்துவிடலாம். திருட்டுக்குப் பயந்து யாரிடமும் காட்டாதவர்களுக்கு ஒரு செய்தி: பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு செய்யாமலே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எழுதிய வடிவத்துக்குத்தான் அந்தக் காப்பு, கருவுக்கு அல்ல. தேதியோடு அனுப்பிய மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டாவது, ஒருவர் தன் சொந்த வலியை எழுதிக் கொண்டுவந்தால், பேசத் தொடங்கும் முன் கேட்க வேண்டும்: "இன்று உங்களுக்கு எழுத்தைப் பற்றிக் கருத்து வேண்டுமா, நாங்கள் காதுகொடுத்துக் கேட்டால் மட்டும் போதுமா?" கேட்டால் போதும் என்றால், அன்று பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். கேட்டவர்களுக்குத் தாங்கவில்லை என்றாலும் எழுந்து வெளியே போக அனுமதி உண்டு.

சேர்ந்த இடம் பொருந்தவில்லை என்றால் மூன்று கூட்டம் பாருங்கள். மூன்றுக்குப் பிறகும், கூட்டம் முடிந்த மறுநாள் எழுதத் தோன்றவில்லை என்றால் நன்றி சொல்லி விலகுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. குழுவே கிடைக்கவில்லை என்றால் ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். நூலகத்தில், வாசிப்புக் கூட்டத்தில், ஏதாவது பயிற்சியில் அருகில் உட்கார்ந்தவராக இருக்கலாம். இப்படி எழுதி அனுப்பலாம்: "நானும் கதை எழுதுகிறேன். 1,500 சொல்லில் ஒன்று இருக்கிறது. உங்களுடைய ஒன்றை எனக்கு அனுப்புங்கள், என்னுடையதை அனுப்புகிறேன். பத்து நாளில் படித்துவிட்டு, மனம் ஒன்றிய மூன்று இடமும் குழம்பிய மூன்று இடமும் மட்டும் சொல்லிக்கொள்வோம்." நாளைக் குறித்து அனுப்புங்கள். அவர் குறித்த நாளில் படித்துவிட்டு வந்தால் இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார். மூன்றாமவரை அவரோடு சேர்ந்து தேடலாம்.